சொன்னதைச் சொன்ன அக்கா

அக்காவை நான் முதலில் பார்த்தது கூடலூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் லயத்து வாசலில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு முன்னால். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஆவணப்படக் குழுவில் உள்ளூரிலிருந்து சேர்ந்த நான் ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். நீளக் கம்பின் முனையில் மைக்கைக் கட்டி, கேமராவுக்குத் தெரியாமல் பேசுகிறவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நிற்கிற வேலை. இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. அவருக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவில் பேச ஆள் வேண்டும் என்று யாரோ ஒரு அம்மாளை அழைத்து வந்திருந்தார்கள்.

லயத்து வாசலில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். இயக்குநர் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்து, மிகவும் குழைவாக ஆங்கிலத்தில் கேட்டார்: "ஒரு வாழ்நாள் முழுவதும் இந்த மலைக்கு உழைத்திருக்கிறீர்கள். இப்போது உங்கள் மனதில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது?"

அந்த அம்மாள் கேள்வியை ஒரு சொல் விடாமல் தமிழில் சொன்னார். பெரியவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "காலு வலிக்குது, ஒக்காந்திருக்கேன். இந்தாளு வந்து மனசுல என்னா ஓடுதுங்குறாரு. இவருக்கு ஊட்டுல வேற சோலி ஒன்னும் இல்லியா?" என்றார்.

மொழிபெயர்க்க வருகிற வேறு யாராக இருந்தாலும் பின்பாதியை விழுங்கியிருப்பார்கள். "கால் வலிக்கிறது என்கிறார்" என்று முடித்திருப்பார்கள். இந்த அம்மாள் கண் சிமிட்டாமல் முழுவதையும் ஆங்கிலத்தில் சொன்னார். வீட்டில் வேறு வேலை இல்லையா என்பதையும் சேர்த்து. சிரிப்பை அடக்கியதில் என் கையிலிருந்த கம்பு ஆடியது.

"அப்படியா சொன்னார்?" என்றார் இயக்குநர்.

"அப்படித்தான் சொன்னார். கேள்விக்குறியோடு."

அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. எனக்கு மட்டுமா? டீக்கடைக்காரரிலிருந்து தாசில்தார் ஜீப்பின் டிரைவர் வரை எல்லோருக்கும் அக்காதான். கடைவீதியின் மலையாளிகளுக்குச் சேச்சி. ஐம்பதைத் தாண்டியிருந்தார். நூல் புடவைக்கு மேலே ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கையில் நீளக் குடை, மூக்கின் நுனியில் நிற்கிற கண்ணாடி. பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறித் திரும்பி வந்தவர்கள். அக்கா இங்கே பிறந்தவர் என்றாலும் பேச்சில் அந்தப் பக்கத்து வாடை இருக்கும். எதைச் சொன்னாலும் முடிவில் "விளங்குதா?" என்பார். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகப் பல வருஷம் இருந்தவர். ஆங்கிலம் டாக்டர்களிடம் பிடித்தது. மலையாளமும் கன்னடமும் படகர் பேச்சும் நோயாளிகளிடம் பிடித்தவை.

ஊட்டிக்கு மே மாதம் பூப் பார்க்க வருகிறார்கள் அல்லவா, அதுபோல மழை முடிந்ததும் எங்கள் மலைக்குத் துயரம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. மண் சரிந்த வீடு, மூடிய தொழிற்சாலை, யானை நுழைந்த சமையலறை, ஊரை விட்டுத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போகிற பிள்ளைகள். கேமராவோடு வருவார்கள். அவர்களில் நல்லவர்கள் இருந்தார்கள்; நல்ல படங்களும் வந்தன. அந்த வேலையில்தான் நானும் சோறு தின்றேன். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெரும்பாலானவர்கள் பெட்டியைத் திறக்கும்போதே படம் அவர்கள் தலைக்குள் முடிந்திருக்கும். இங்கே வந்து தேடுவது அதற்கு ஏற்ற முகங்களைத்தான். இங்குள்ளவர்கள் வாயைத் திறந்து ஏதாவது சொல்லிவிட்டால் அது அவர்களுக்கு ஓர் இடைஞ்சல். அப்படிப்பட்டவர்களுக்கு அக்காவைவிடப் பெரிய தொல்லை இந்த மலையிலேயே இருந்திருக்காது.

ஒருமுறை அவரிடம் கேட்டேன், "அந்தப் பெரியவர் வைததை எதுக்குங்கக்கா அப்படியே சொன்னீங்க? கொஞ்சம் விட்டிருக்கலாமில்ல?"

நடுவட்டம் போகும் வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எங்கோ பார்த்தபடி சொன்னார்.

"எங்கம்மாவுக்கு மேலுக்கு முடியாமப் போயி தோட்டத்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அப்ப நான் பள்ளிக்கூடத்துல படிக்கிறேன். டாக்டர் வடக்கத்தி ஆளு. கம்பவுண்டர்தான் நடுவுல நின்னு சொல்லணும். அம்மா ஒவ்வொன்னாச் சொல்றா. இங்க வலிக்குது, இப்பிடிப் படுத்தா மூச்சு முட்டுது, கால் வீங்குது, ராத்திரியில நெஞ்சுல யாரோ ஒக்காந்த மாதிரி இருக்குன்னு. நிறைய நேரம் சொன்னா. கம்பவுண்டர் டாக்டர் பக்கம் திரும்பி ஒரே சொல்லுதான் சொன்னாரு. 'ஃபீவர்'. அவ்வளவுதான். மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க." டீயை ஒரு வாய் குடித்தார். "அந்த வாரம் தாண்டல. எனக்கு அம்மா போனதைவிட ஒன்னு மனச அரிச்சுக்கிட்டே இருக்கும் புள்ள. அவ அவ்வளவு நேரம் சொன்னாளே, அதெல்லாம் எங்க போச்சு?"

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "சக்கரை ஜாஸ்தி" என்று கடைக்காரரிடம் மலையாளத்தில் சண்டைக்குப் போனார்.

இந்தப் பிடிவாதத்தால் நல்லது மட்டுமே நடந்தது என்று சொன்னால் அக்காவே என்னைத் திட்டுவார். ஒருமுறை வேறொரு தோட்டத்தில் மானேஜர் பக்கத்தில் நிற்கும்போதே படம் எடுத்தோம். புதிதாக வந்தவர், தமிழ் அவ்வளவாகப் பிடிபடவில்லை. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கூட்டாளியிடம் குனிந்து, "இவர் வந்தா அட்டைகூட ஒதுங்கிப் போயிருமில்ல, இவர் உறிஞ்சினது போவ நமக்கு எங்க மிச்சம்னு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மானேஜரும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, "என்ன சொன்னான்?" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா சொல்லிவிட்டார். அட்டை, உறிஞ்சல், மிச்சம் எல்லாம்.

அடுத்த நாளே அந்த மனிதரைத் தோட்டத்தின் கடைசிக் காட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அட்டைக்கடி தாங்க முடியாத ஈரப் பள்ளம். அக்கா அவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் மனைவி வாசலில் நின்றுகொண்டு கேட்டார்: "அவரு சொன்னது பக்கத்துல நின்னவனுக்கு. தொரைக்கா சொன்னாரு? ஒங்க வாய்க்கு ஒரு கதவு கெடையாதா?"

திரும்பி வரும்போது அக்கா பாதி வழியில் நின்று, "அவ சொல்றது சரிதான். அந்தச் சொல்லு அவனோடது. யாருக்குப் போவணும்னு அவன்தான் சொல்லணும். எனக்கு இது இத்தனை நாளு விளங்கல பாரு" என்றார். அன்றைக்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. யாராவது காரமாக எதையாவது சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்த்து, "இதைச் சொல்லட்டுமா?" என்று கேட்பார். சொல்லுங்க என்றால் சொல்வார். வேண்டாம் என்றால், "அவர் ஒன்று சொன்னார், உங்களிடம் சொல்ல வேண்டாம் என்கிறார்" என்று அதையும் சொல்வார். இயக்குநர்களுக்கு இது முன்னதைவிடப் பெரிய கொடுமையாக இருந்தது.

இனி லெட்சுமியின் கதை.

லெட்சுமியின் கணவர் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். லயத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகிற பாதையில் ஒரு வளைவு. ஒருபக்கம் தேயிலை, மறுபக்கம் காடு. விடியற்காலை ஷிஃப்டுக்குப் போகும்போது பனிமூட்டத்தில் யானை நின்றது அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான். அந்தப் பாதையில் விளக்கு கிடையாது. நிலத்துக்குப் பட்டா இல்லை, வனத்துறை அனுமதி வேண்டும், கம்பம் நட முடியாது என்று பல வருஷமாக ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசையைக் கைகாட்டிக்கொண்டிருந்தது.

அதே பெங்களூர் இயக்குநர் இந்தச் சாவைக் கேள்விப்பட்டு வந்தார். மனிதனும் யானையும் என்பதுபோல ஒரு படம். அக்காவும் நானும் மறுபடி ஒரே குழுவில்.

லெட்சுமிக்கு முப்பது வயதுதான் இருக்கும். கேமரா முன்னால் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, அழாமல் பேசினாள். ஹெட்போனில் அவள் மூச்சுகூட எனக்குக் கேட்டது. அவள் சொன்னது இது:

"ஆனைய நான் என்னத்துக்குக் கோவிக்கணும்? அதுக்குத் தெரிஞ்ச வழியில அது வந்துச்சு. எங்களுக்கு இருக்குற ஒரே வழியில அவரு போனாரு. அந்த வளைவுல ஒரு லைட்டு போடுங்கன்னு எத்தனை தடவை கேட்டோம். விடியக்காலை ஷிஃப்டுக்கு ஒரு வண்டி விடுங்கன்னு கேட்டோம். யாரும் காதுல வாங்கல. ஆனை மிதிச்சது அப்புறந்தாங்க. அதுக்கு முன்னாடியே எங்கள மிதிச்சாச்சு."

அக்கா அதை ஆங்கிலத்தில் சொன்னபோது குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. லெட்சுமி எப்படிச் சொன்னாளோ அப்படி.

இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது. அவர் கெட்டவர் இல்லை. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்து அவர் கேட்டது: நாளை விடியற்காலையில் லெட்சுமி அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து காட்ட முடியுமா? கணவர் நடந்த மாதிரியே, அவருடைய சோற்றுத் தூக்குப்போசியைக் கையில் பிடித்துக்கொண்டு. இதை மிக நாசூக்காக, மன்னிப்போடு, நிறைய மென்மையான சொற்களைச் சுற்றிப் போட்டுக் கேட்டார்.

அக்கா லெட்சுமியிடம் திரும்பினார். "ஒம்புருசன் செத்த எடத்துல, அவரு நடந்த மாதிரி, அவரு போசியத் தூக்கிக்கிட்டு நாளைக்கு நீ நடக்கணுமாம். மெதுவா நடக்கணுமாம். அழுகை வந்தா அடக்க வேணாமாம். கேமரா தூரத்துலதான் இருக்குமாம், தொந்தரவா இருக்காதாம். மன்னிச்சுக்கோங்கறாரு."

ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு போன கேள்வி தமிழில் அப்படியே முழு எலும்போடு நின்றது. லெட்சுமி இயக்குநரை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவரு பொஞ்சாதிய இப்பிடி நடக்கச் சொல்வாராக்கா?"

"இதைச் சொல்லட்டுமா?"

"சொல்லுங்க."

அக்கா சொன்னார். இயக்குநர் எழுந்து வெளியே போய்விட்டார். அந்தக் காட்சி எடுக்கப்படவில்லை. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் ஊட்டியில் ஒரு ஹோட்டல் அரங்கில் சின்னத் திரைப்பட விழா. சுயாதீனப் படங்கள், ஆவணப்படங்கள். வெளியூர்ப் பார்வையாளர்கள், கான்வென்ட் மாணவிகள், சில அதிகாரிகள், ஏழெட்டு வெள்ளைக்காரர்கள். லெட்சுமியையும் அக்காவையும் வண்டி அனுப்பி அழைத்து வந்து முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். படம் முடிந்ததும் லெட்சுமிக்கு மேடையில் பொன்னாடை போர்த்துவதாக ஏற்பாடு. நான் அக்காவுக்கு மறுபுறம் உட்கார்ந்திருந்தேன்.

படம் அழகாக இருந்தது. பனி, யானைக் கூட்டம், மழையில் நனைகிற தேயிலை. பிறகு லெட்சுமியின் முகம் வந்தது. அவள் வாய் அசைந்தது. ஆனால் அவள் குரல் இல்லை. அதாவது, இருந்தது, அடியில் எங்கோ முனகலாக. அதன் மேல் ஒரு வயலினை ஏற்றியிருந்தார்கள். மழை ஓயும்வரை காத்திருந்து, பக்கத்து வீட்டு ரேடியோவை நிறுத்தச் சொல்லி, கோழியைக்கூட விரட்டிவிட்டு நான் பதிவு செய்த குரல் அது. தமிழ் தெரிந்தவர்களுக்கும் கேட்காதபடி அதைப் புதைத்து, கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது.

லெட்சுமி அக்காவின் பக்கம் சாய்ந்தாள். "என்னாக்கா எழுதியிருக்கு?"

அக்கா திரையைப் பார்த்தபடியே வாசித்தார். "ஆனை மேல எனக்குக் கோவம் இல்ல. இது எங்க விதி. காடு குடுத்துச்சு, காடே எடுத்துக்கிச்சு. அப்பிடின்னு நீ சொன்னியாம்."

"நானா?"

"நீதான்."

"நான் எப்பக்கா சொன்னேன்?"

பின்வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். விதி அவர்களுக்கு நன்றாக இறங்கிவிட்டது. அந்த எழுத்தில் லைட்டு இல்லை, வண்டி இல்லை, கேட்டும் காதில் வாங்காதவர்கள் இல்லை. ஒரு ஏழைப் பெண், ஒரு யானை, ஒரு விதி. யாரும் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"நீ சொன்னதை நான் சொல்லட்டுமா?" என்றார் அக்கா.

"சொல்லுங்க. எல்லாத்துக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

அக்கா எழுந்து நின்றார். புரொஜெக்டர் வெளிச்சத்தில் அவர் தலையின் நிழல் திரையில் பாதியை மறைத்தது. முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில், லெட்சுமி சொன்னதை அப்படியே சொன்னார். கத்தவில்லை. வார்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் சொல்லிப் பழகிய குரல். ஷ்ஷ் என்றார்கள். உட்காருங்கம்மா என்றார்கள். விழாக்காரப் பையன்கள் ஓடிவந்தார்கள். அக்கா கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தார்: "அதுக்கு முன்னாடியே எங்கள மிதிச்சாச்சு." அதன் பிறகுதான் யாரோ படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார்கள்.

லெட்சுமியும் எழுந்து நின்றிருந்தாள். "அதுதாங்க நான் சொன்னது. இப்ப எழுதியிருந்தது நான் சொன்னது இல்லீங்க" என்று சபையைப் பார்த்துச் சொன்னாள். பொன்னாடை மேடையில் ஒரு தட்டில் மடித்தபடியே கிடந்தது.

வெளியே நடையில் இயக்குநர் அக்காவைப் பிடித்துக்கொண்டார். முகம் சுண்டியிருந்தது. "இதை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம்."

"தனியாகச் சொன்னதைத்தானே நீங்கள் இப்படி எழுதினீர்கள்?" என்றார் அக்கா.

எழுத்துக்கு இடம் இரண்டே வரிதான், பார்ப்பவர் படித்து முடிக்க வேண்டும், அதனால் அவள் பேச்சின் சாரத்தை எடுத்துக்கொண்டோம் என்றார் அவர். அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில், "சாரமாம் புள்ள. கரும்பா அவ? சாறு எடுத்துக்கிட்டாங்களாம். அப்ப லைட்டு கேட்டதும் வண்டி கேட்டதுந்தான் சக்கையா?" என்றார். இயக்குநர் என்னைப் பார்த்து, அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டு விழுங்க முடியுமா? நான் அப்படியே சொன்னேன்.

கடைசியில் அவர் இறங்கி வந்தார். இங்கே திரையிடுகிற பிரதியில் அந்த வரியை மாற்றுகிறேன், ஆனால் வெளிநாட்டுக்குப் போன பிரதியைப் பூட்டியாகிவிட்டது, இனித் தொட முடியாது என்றார்.

"பூட்டுனது யாரு? சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் அக்கா.

இயக்குநர் சொன்னபடிதான் ஆயிற்று. இங்கே ஒரு வரி மாறியது, வயலின் மாறவில்லை. வெளிநாடுகளில் லெட்சுமி இன்றுவரை விதி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். மலை மக்களின் ஞானம் என்று அந்த வரியைப் பாராட்டி எழுதினார்களாம். படம் விருது வாங்கியது. அதற்குப் பிறகு படக்குழுக்கள் அக்காவைக் கூப்பிடவில்லை. அவருக்குப் பதிலாக, எதையும் சுருக்கமாக, இனிமையாக மொழிபெயர்க்கிற ஒருவர் கிடைத்துவிட்டார். எனக்கும் அழைப்புகள் குறைந்தன. அக்காவுக்கு இதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்தது. அது கடைசிவரைக்கும் ஆறவில்லை. போனில் என் குரலைக் கேட்டதும், "அந்த வரிய மாத்துனானா?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. அதே வளைவில், அதே விடியற்காலைப் பனியில், இன்னொருவர் யானையிடம் மாட்டிக்கொண்டு செத்தார். அவரும் தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்தான்.

அன்று நான் அங்கே இல்லை. லெட்சுமி சொல்லிக் கேட்டது. உடலை எடுக்க விடாமல் சனம் முழுவதும் அந்த வளைவிலேயே உட்கார்ந்துவிட்டது. கொழுந்துப் பைகளோடு பெண்கள் முன்னால். மழை தூறிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் வந்தார்கள். அவர்களில் பெரியவருக்குத் தமிழ் வராது. அக்காதான் நடுவில் நின்றார், குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு. அதிகாரி நெடுநேரம் பேசினார். அனுதாபம், சட்டம், நடைமுறை எல்லாம். முழுவதையும் அக்கா தமிழில் சொன்னார். கடைசியில் அவர் விளக்கைப் பற்றியும் வண்டியைப் பற்றியும் ஒரு வாக்கியம் சொன்னதும் சனம் எழுந்திருக்கப் பார்த்தது.

"இருங்க" என்றாராம் அக்கா. "'யோசிக்கிறோம்'ங்கிறாரு. 'செய்றோம்'னு சொல்லல. 'யோசிக்கிறோம்'."

எழுந்தவர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். அதிகாரி யாருக்கோ போன் செய்தார். பிறகு வேறு யாருக்கோ. திரும்பி வந்து வேறு மாதிரி சொன்னார். "'ஏற்பாடு பண்ண முயற்சி பண்றோம்'கிறாரு" என்றார் அக்கா. யாரும் அசையவில்லை. உச்சி வெயில் பனியைக் கிழித்துக்கொண்டு வந்த பிறகுதான் அக்கா சனத்தின் பக்கம் திரும்பி, "இப்ப சொல்லிட்டாரு. 'செய்றோம்'. எந்தத் தேதின்னும் சொல்லியிருக்காரு" என்றார். அதற்குப் பிறகுதான் உடலை எடுக்க விட்டார்கள்.

விளக்குக் கம்பம் வந்தது. விடியற்காலை ஷிஃப்டுக்கு வண்டியும் வந்தது. இப்போதும் ஓடுகிறது.

அதன் பிறகு ஒருநாள் இயக்குநரின் அலுவலகத்திலிருந்து எனக்கு அழைப்பு. சமூக மாற்றத்தைக் கொண்டுவந்த படம் என்று ஏதோ ஒரு சிறப்புப் பரிசுக்கு அந்தப் படம் போகிறது. படத்தால் வளைவுக்கு வெளிச்சம் வந்தது என்று ஒரு சின்ன வீடியோ வேண்டும். லெட்சுமி கம்பத்தின் கீழே நின்று பேசினால் போதும், நீங்கள் ஒலிப்பதிவுக்கு வர முடியுமா? இது பொய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன். என்ன நடக்கப்போகிறது என்று பார்க்கத்தான் போனேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மெலிந்திருந்தார். இருமல் விடவில்லை. இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தார். இந்தக் குழுவுக்கு அவர் தேவை இல்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை. லெட்சுமி கூப்பிட்டிருந்தாள். "அக்கா இல்லாம நான் வாயத் தொறக்க மாட்டேன்" என்றுவிட்டாள்.

கேமராவோடு வந்த இளைஞர் ஆங்கிலத்தில் கேட்டார்: "இந்தப் படம் உங்கள் வாழ்க்கையில் வெளிச்சத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லுங்கள்."

அக்கா சொன்னதைக் கேட்டு லெட்சுமி கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். "படம் வந்துச்சு, போச்சு. லைட்டு வரல. இன்னொரு ஆளு செத்தாரு. நாங்க நடுரோட்டுல பொணத்தோட ஒக்காந்தோம். அப்பத்தான் லைட்டு வந்துச்சு. இதைச் சொல்லுங்கக்கா. சொல்லட்டுமான்னு கேக்காதீங்க, சொல்லுங்க."

அக்கா சொன்னார். அந்த இளைஞர் தர்மசங்கடத்தோடு, படமும் ஏதோ ஒரு வகையில் உதவியிருக்கும் அல்லவா என்று கேட்டுப் பார்த்தார். அதற்கும் லெட்சுமி இல்லை என்றாள். அக்கா இல்லை என்றார். வேறு வழியில்லாமல் அவர் கேமராவை அக்காவின் பக்கம் திருப்பி, "நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள். முதலில் உங்கள் பெயர்? கீழே போட வேண்டும்" என்றார்.

அக்கா அத்தனை வருஷத்தில் கேமரா முன்னால் தனக்காக எதையும் பேசியதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இருமல் அடங்கும்வரை நின்றார்.

"என் பேரு என்னத்துக்கு? நான் உசுரோடதானே நிக்கிறேன். லைட்டு யாரால வந்துச்சுன்னு போடப் போறீங்கன்னா ரெண்டாவதா இங்க செத்தானே, அவன் பேரைப் போடுங்க. சிவலிங்கம். எழுதிக்கோங்க. சி, வ, லிங்கம்."

அந்தத் துண்டு வீடியோவில் இல்லை. லெட்சுமி கம்பத்தை அண்ணாந்து பார்க்கிற முகம் மட்டும் இருக்கிறது, பின்னால் இசையோடு. பரிசும் கிடைத்தது.

போன மழையில் அக்கா போய்விட்டார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்றார்கள். லெட்சுமிதான் கடைசிவரைக்கும் கூட இருந்தாள். இதை எழுத உட்கார்ந்தபோது அக்காவின் பெயரைப் போடலாமா என்று யோசித்தேன். அவர் வேண்டாம் என்று சொன்னதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். எதைப் போடச் சொன்னார் என்பதையும் கேட்டிருக்கிறேன்.

அவன் பெயர் சிவலிங்கம். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. விடியற்காலை ஷிஃப்டுக்கு நடந்து போனான். வளைவில் அப்போது விளக்கு இல்லை.